அணு ஆயுதமும் மின் ஆற்றலும்: கே. சுப்பிரமணியத்தின் பாதுகாப்பு ஆய்வுகளும் கல்பாக்கம் ஈனுலை விவாதமும்

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவில் பன்னாட்டுப் பாதுகாப்பு என்னும் ஆய்வுத்துறையை நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவர் கே. சுப்பிரமணியம் (1929 - 2011). திருச்சிராப்பள்ளியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்று, ஆட்சிப் பணியின் வழியே ஆய்வுலகிற்கு வந்தவர். அணு ஆயுதக் கொள்கை குறித்து அவர் எழுதியவை பரவலாகப் பேசப்பட்டுள்ளன. ஆனால் மின் உற்பத்திக்கான யுரேனியமும் ஆயுதத்திற்கான புளூட்டோனியமும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள் என்று அவர் கண்டது தமிழில் போதிய கவனம் பெறவில்லை. 2005 - 2008 ஆண்டுகளின் இந்திய அமெரிக்க அணுசக்தி உடன்பாட்டை முன்வைத்து அப்பார்வையையும், இயற்பியலாளர் எம். வி. ரமணாவும் அவருடன் இணைந்த ஆய்வாளர்களும் அதற்கு எதிர்நிலையில் முன்வைத்த கணக்கீடுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: பன்னாட்டுப் பாதுகாப்பு, ஆற்றல் அரசியல், கே. சுப்பிரமணியம், எம். வி. ரமணா, அதிவேக ஈனுலை, கல்பாக்கம், புளூட்டோனியம்

முன்னுரை

சென்னையில் கே. சுப்பிரமணியம் என்ற பெயரைச் சொன்னால் ‘தியாகபூமி’ (1939) திரைப்படத்தை இயக்கியவரே பெரும்பாலோர் நினைவுக்கு வருவார். அதே பெயர் கொண்ட பாதுகாப்பு அறிஞர் தில்லியில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் செல்வாக்குடன் விளங்கியவர். எனினும் அவர் கல்வி பெற்ற நகரத்தில் அவரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. அவர் எழுதியவை அனைத்தும் ஆங்கிலத்தில் அமைந்தமை இதற்கு ஒரு காரணம். பன்னாட்டு உறவுகள் என்னும் துறை தமிழ் ஆய்விதழ்களில் ஓரமாகவே இருந்து வருவது மற்றொரு காரணம்.

அவருடைய எழுத்தின் பொருளோ தமிழ்நாட்டிற்குத் தொலைவானதன்று. அடையாற்றிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே இரண்டு மணி நேரத்திற்கும் குறைவான பயணத்தில் கல்பாக்கம் வந்துவிடுகிறது. மின்சாரமும் ஆயுதமும் எங்கே பிரிகின்றன, எங்கே பிரிய மறுக்கின்றன என்னும் வினா இந்தியாவில் மிகக் கூர்மையாக எழுந்த இடங்களுள் அதுவும் ஒன்று.

மாநிலக் கல்லூரியிலிருந்து தில்லிக்கு

1929 சனவரி 19 அன்று பிறந்த சுப்பிரமணியம் 1950இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் மாநிலக் கல்லூரியில் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1951இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தார். பின்னர் பாதுகாப்பு அமைச்சகத்தில் பணியாற்றினார். 1962ஆம் ஆண்டுச் சீனப் போர், 1964 அக்டோபரில் சீனா நடத்திய அணுகுண்டுச் சோதனை ஆகிய இரண்டும் அந்த அமைச்சகத்தின் சிந்தனையையே மாற்றிய நிகழ்வுகள். 1966 - 67இல் ராக்ஃபெல்லர் நல்கையுடன் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பாதுகாப்பு ஆய்வுகளை முறையாகப் பயின்று திரும்பினார்.

1965இல் தில்லியில் தொடங்கப்பட்ட பாதுகாப்பு ஆய்வு மற்றும் பகுப்பாய்வு நிறுவனத்திற்கு 1968இல் அவர் இயக்குநரானார். 1975 வரை ஒருமுறையும், 1980 முதல் 1987 வரை மறுமுறையும் அப்பொறுப்பில் இருந்தார். இடைப்பட்ட காலத்தின் ஒரு பகுதி சென்னையில் கழிந்தது. நெருக்கடி நிலையின்போது, குடியரசுத் தலைவர் ஆட்சியின் கீழிருந்த தமிழ்நாட்டின் உள்துறைச் செயலாளராகப் புனித ஜார்ஜ் கோட்டையில் பணிபுரிந்தார். அதன்பின் கூட்டு உளவுக் குழுவின் தலைவர், பாதுகாப்பு உற்பத்தித் துறைச் செயலாளர் ஆகிய பதவிகளை வகித்தார். 1987 - 88இல் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் நேரு ஆய்வாளராக இருந்தார். தொடர்ந்து ‘எகனாமிக் டைம்ஸ்’, ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’ ஆகிய நாளிதழ்களில் எழுதினார்.

இந்த வரலாற்றில் ஆய்வாளர் யார், அதிகாரி யார் என்று பிரித்துக் காண்பது கடினம். பல்கலைக்கழகத் துறை ஒன்றில் அவர் நிலையாகப் பணியாற்றியவர் அல்லர். கோட்பாட்டு நூல் எதனையும் விட்டுச் செல்லவில்லை. கட்டுரை, பத்தி, குழு அறிக்கை ஆகியவையே அவர் கையாண்ட வடிவங்கள். 1981இல் அவர் பதிப்பித்த அணு ஆயுதம் பற்றிய தொகுப்பு நூலும், 1985, 1986 ஆண்டுகளில் வந்த தொகுப்புகளும் அவரது நிலைப்பாட்டைத் திரட்டித் தருகின்றன. அரசுக்கு அருகில் இருந்தமையால் அவருக்குத் தகவல் கிடைத்தது; அதே நெருக்கம், அரசின் நோக்கையே தேசத்தின் நோக்காகக் கொள்ளும் சாய்வையும் அவர் எழுத்திற்குத் தந்தது. 1999இல் தமக்கு அறிவிக்கப்பட்ட பத்ம பூஷண் விருதை, அதிகாரிகளும் இதழாளர்களும் அரசிடமிருந்து விருது பெறலாகாது என்று கூறி அவர் ஏற்க மறுத்ததை இச்சாய்வோடு சேர்த்தே எண்ண வேண்டும். அவர் மனிதரளவில் விலகி நிற்க விரும்பினார். கருத்தளவில் அவ்வாறு நிற்கவில்லை.

ஆயுதம் பற்றிய நிலைப்பாடு

1967 சனவரி 1ஆம் நாளுக்கு முன் அணுகுண்டை வெடித்த நாடுகளை மட்டும் அணு ஆயுத நாடுகள் என ஏற்று, ஏனைய நாடுகளைக் கண்காணிப்பிற்கு உட்படுத்திய 1968ஆம் ஆண்டு அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை அவர் தொடக்கம் முதல் எதிர்த்தார். ஒரு நாள்காட்டித் தேதியை வைத்து உலகை இரண்டாகப் பிரிப்பது ஏற்புடையதன்று என்பது அவரது வாதம். இந்தியா அணு ஆயுத வாய்ப்பைக் கைவிடக் கூடாது என்று அவர் எழுதியது 1974 மே 18 பொக்ரான் வெடிப்பிற்கு முன்னரே தொடங்கிவிட்டது.

எனினும் அணு ஆயுதத்தைப் போர்க்களக் கருவியாக அவர் கருதவில்லை. எதிரி அதனைப் பயன்படுத்தாமல் தடுப்பதும், அதைக் காட்டி அச்சுறுத்துவோருக்கு அடிபணியாதிருப்பதுமே அதன் பயன். ஆகவே எண்ணிக்கைப் போட்டி வீண் என்பது அவர் கொள்கை. 1998 சோதனைகளுக்குப் பின் அமைக்கப்பட்ட தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியத்தின் முதல் ஒருங்கிணைப்பாளராக அவர் இருந்தபோது, 1999 ஆகஸ்டில் வெளியான வரைவு அணுக் கொள்கையில் ‘முதலில் பயன்படுத்துவதில்லை’ என்ற உறுதியும் ‘நம்பத்தக்க குறைந்தபட்சத் தடுப்பாற்றல்’ என்ற அளவுகோலும் இடம்பெற்றன. அவ்வாண்டே கார்கில் மறு ஆய்வுக் குழுவிற்கும் அவர் தலைமை ஏற்றார்.

சென்னையிலிருந்து அணுகுண்டு பற்றி எழுந்த வேறொரு குரலையும் இங்கு நினைவுகூர்வது பொருத்தம். தியாகராய நகரில் வாழ்ந்த இராஜாஜி, தம் எண்பதுகளில், 1962இல் காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுடன் வாஷிங்டன் சென்று அணுச் சோதனைகளை நிறுத்துமாறு குடியரசுத் தலைவர் கென்னடியிடம் வேண்டினார். அவருக்கு அது அறவழி வினா. சுப்பிரமணியத்திற்கோ ஆற்றல் சமநிலை வினா. இவ்விருவரையும் ஒப்பிட்டு ஆராய்வது தனியொரு கட்டுரைக்குரிய பொருள்.

ஒரே யுரேனியம், இரண்டு தேவைகள்

சுப்பிரமணியத்தின் பாதுகாப்புச் சிந்தனை ஆற்றல் அரசியலோடு நேரடியாகப் பிணைந்தது 2005இல்தான். அதனைப் புரிந்துகொள்ள எரிபொருள் பற்றிய சில அடிப்படைகள் தேவை.

கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையம் போன்ற கனநீர் உலைகள் இயற்கை யுரேனியத்தை எரிபொருளாகக் கொள்பவை. இந்நிலையத்தின் முதல் உலை 1983இலும் இரண்டாம் உலை 1985இலும் இயங்கத் தொடங்கின. உலையில் யுரேனியம் 238 நியூட்ரானை ஏற்றுப் புளூட்டோனியம் 239ஆக மாறுகிறது. எரிபொருள் நெடுநாள் உலையில் இருந்தால் மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கும். ஆனால் புளூட்டோனியம் 240 போன்ற பிற ஐசோடோப்புகளும் கலந்துவிடும். ஆயுதத் தரம் வேண்டுமெனில் எரிபொருளை விரைவில் வெளியே எடுத்தாக வேண்டும். அப்போது அதே அளவு மின்சாரத்திற்குப் பன்மடங்கு யுரேனியம் செலவாகும். யுரேனியம் ஏராளமாக இருக்கும் நாட்டிற்கு இது சிக்கலன்று. இந்தியாவில் அது பற்றாக்குறைப் பொருள். 2000களின் நடுப்பகுதியில் சுரங்கங்களின் விளைச்சல் உலைகளின் தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை. உலைகள் தம் முழுத் திறனில் இயங்க இயலாமல் மின் உற்பத்தி குறைக்கப்பட்டது. பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததாலும் 1974 வெடிப்பின் விளைவாகவும் வெளிநாட்டு யுரேனியம் கிடைப்பதும் அரிதாயிற்று.

இந்நிலையில் 2005 சூலை 18 அன்று மன்மோகன் சிங், ஜார்ஜ் புஷ் ஆகியோரின் கூட்டறிக்கை வெளியானது. இந்தியா தன் அணு நிலையங்களைக் குடிமைப் பயன்பாட்டிற்குரியவை, ஆயுதப் பயன்பாட்டிற்குரியவை எனப் பிரித்து, முதல் வகையைப் பன்னாட்டு அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் வைத்தால், எரிபொருளும் தொழில்நுட்பமும் கிடைக்கும் என்பது அதன் சாரம். அவ்வாண்டு இறுதியில் உலகப் போக்குகளை ஆராயப் பிரதமர் அமைத்த பணிக்குழுவிற்குச் சுப்பிரமணியம் தலைவரானார். (அப்போது வெளியுறவு அமைச்சகத்தில் அமெரிக்கப் பிரிவின் பொறுப்பில் இருந்து பேச்சுவார்த்தையில் பங்குகொண்டவர் அவருடைய மகன் எஸ். ஜெய்சங்கர்.)

உடன்பாட்டை எதிர்த்தோருள் ஒரு சாரார், கண்காணிப்பு வந்தால் ஆயுதத் திட்டம் முடங்கும் என்றனர். 2005 டிசம்பரில் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் எழுதிய பத்தியில் சுப்பிரமணியம் இதற்குத் தந்த விடை குறிப்பிடத்தக்கது. இயன்ற வரை மிகுதியான மின் உலைகளைக் குடிமைப் பட்டியலில் சேர்த்துவிடுவதே இந்தியாவிற்கு நன்மை. அவ்வுலைகளுக்கு இறக்குமதி யுரேனியம் கிடைக்கும். உள்நாட்டு யுரேனியத்தை ஆயுதத் தரப் புளூட்டோனியத்திற்கென ஒதுக்கி வைக்கலாம் என்பது அவர் வாதத்தின் பொருள்.

இவ்விடை எதிர்ப்பாளர்களின் தருக்கத்தையே தலைகீழாக்கியது. குடிமைப் பட்டியல் நீள நீள ஆயுதத்திற்குரிய மூலப்பொருள் குறையும் என்று அவர்கள் எண்ணினர். கூடும் என்று அவர் காட்டினார். மின்சாரக் கொள்கையும் ஆயுதக் கொள்கையும் தனித்தனி அமைச்சகங்களின் கோப்புகளாக இருக்கலாம், ஆனால் சுரங்கத்திலிருந்து வரும் யுரேனியம் ஒன்றே என்பதை வெளிப்படையாக எழுதிய துணிவு அவருக்கு இருந்தது. அரசுத் தரப்பினர் நாடாளுமன்றத்தில் இவ்வுடன்பாட்டைப் பெரிதும் மின்பற்றாக்குறையின் பெயரிலேயே நியாயப்படுத்தினர் என்பதைக் கொண்டு நோக்கினால் அத்துணிவின் அளவு விளங்கும். அதே வரிகளைப் பின்னர் உடன்பாட்டின் திறனாய்வாளர்கள் தமக்குரிய முதன்மைச் சான்றாக எடுத்துக்கொண்டது வியப்பன்று.

கல்பாக்கம் ஏன் பட்டியலுக்கு வெளியே நின்றது

2006 மார்ச்சில் முடிவான பிரிப்புத் திட்டத்தின்படி இயங்கிய, கட்டப்பட்டு வந்த 22 மின் உலைகளுள் 14 கண்காணிப்பின் கீழ் வருவனவாயின. எஞ்சிய எட்டில் கல்பாக்கத்தின் இரு கனநீர் உலைகளும் அடங்கும். கல்பாக்கத்திலேயே 1985 முதல் இயங்கும் சிறிய சோதனை ஈனுலையும், 2004இல் கட்டத் தொடங்கிய 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையும் வெளியே நிறுத்தப்பட்டன. அமெரிக்கத் தரப்பு ஈனுலைகளைக் குடிமைப் பட்டியலில் சேர்க்க விரும்பியது. அன்றைய அணுசக்தி ஆணையத் தலைவர் அனில் ககோத்கர் 2006 பிப்ரவரியில் நாளிதழ் நேர்காணலில் அதனை வெளிப்படையாக மறுத்தார். நீண்டகால ஆற்றல் பாதுகாப்பு, குறைந்தபட்சத் தடுப்பாற்றல் ஆகிய இரண்டையும் அவர் காரணமாகக் கூறினார். அவ்விரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன என்பதே ஆய்வாளர் கவனிக்க வேண்டிய செய்தி.

இங்குதான் எம். வி. ரமணாவின் பணி முக்கியத்துவம் பெறுகிறது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பாஸ்டன் பல்கலைக்கழகத்திலும் இயற்பியல் பயின்ற இவர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் பெங்களூருவிலும் ஆய்வாளராக இருந்து, தற்போது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆயுதக் களைவு, உலகப் பாதுகாப்பு சார்ந்த இருக்கையை வகிக்கிறார். 2012இல் வெளிவந்த இவரது ‘த பவர் ஆஃப் பிராமிஸ்’ இந்திய அணுமின் திட்டம் பற்றிய விரிவான திறனாய்வு நூல். சுப்பிரமணியம் தில்லியின் அதிகார வட்டத்திற்குள்ளிருந்து எழுதினார் என்றால், ரமணா வெளியே நின்று, வெளியான தரவுகளைக் கொண்டு கணக்கிட்டு எழுதினார்.

2006இல் சியா மியான், ஏ. எச். நய்யார், ஆர். ராஜாராமன், ரமணா ஆகிய நால்வரும் இணைந்து எழுதிய அறிக்கை, உடன்பாட்டினால் தெற்காசியாவில் வெடிபொருள் கையிருப்பு எவ்வாறு மாறக்கூடும் என்று மதிப்பிட்டது. இரு பாகிஸ்தானியரும் இரு இந்தியரும் சேர்ந்து இப்பொருளில் எழுதியமை அதற்குத் தனி மதிப்பைத் தருகிறது. அடுத்த ஆண்டு அலெக்சாண்டர் கிளேசருடன் இணைந்து ரமணா வெளியிட்ட கட்டுரை கல்பாக்கம் ஈனுலையை மட்டும் எடுத்துக்கொண்டது. ஈனுலையின் மையத்தில் புளூட்டோனியம் கலந்த எரிபொருள் இருக்கும். அதனைச் சுற்றிப் போர்வை போல யுரேனியம் 238 அடுக்கு அமைந்திருக்கும். மையத்திலிருந்து வெளியேறும் நியூட்ரான்கள் அப்போர்வையில் உண்டாக்கும் புளூட்டோனியம் மிகத் தூய்மையானது; ஆயுதத் தரத்தைக் கடந்தது. அதனைத் தனியே பிரித்தெடுத்தால் ஆண்டிற்கு ஏறத்தாழ 140 கிலோகிராம் வரை கிடைக்கலாம் என்பது அவர்களின் கணக்கு. ஓர் அணுகுண்டிற்கு ஐந்து கிலோகிராம் என்று கொண்டால் ஆண்டிற்கு இருபத்தைந்துக்கு மேற்பட்ட குண்டுகளுக்கு அது போதும்.

இக்கணக்கு ஒரு வாய்ப்பைச் சுட்டுகிறதே அன்றி நோக்கத்தை மெய்ப்பிப்பதன்று. போர்வைப் புளூட்டோனியத்தை மையப் புளூட்டோனியத்தோடு கலந்து மீண்டும் எரிபொருளாக்குவதே ஈனுலைத் திட்டத்தின் அறிவிக்கப்பட்ட வழிமுறை. ஆனால் கண்காணிப்பிற்கு வெளியே இருக்கும் உலையில் எந்த வழி பின்பற்றப்படுகிறது என்பதைப் பிறர் சரிபார்க்க இயலாது. குறைந்தபட்சத் தடுப்பாற்றல் என்னும் சுப்பிரமணியத்தின் அளவுகோல் இவ்விடத்தில் நெருக்கடிக்கு உள்ளாகிறது. அண்டை நாடு இந்தியாவின் அறிவிப்பை வைத்துத் தன் கையிருப்பைத் திட்டமிடுமா, அல்லது இயலக்கூடிய உச்ச அளவை வைத்தா? பாதுகாப்பு ஆய்வின் பொது நெறிப்படி பின்னதே நிகழும். அவருடைய கொள்கையில் குறைந்தபட்சம் என்பது இந்தியா தானே தீர்மானிக்கும் எண். ரமணா முதலியோரின் ஆய்வு அது பார்ப்பவரின் கணக்கையும் பொறுத்தது என்று காட்டியது. இந்த ஒரு புள்ளியில் திறனாய்வாளர் தரப்பே வலுவுடையது எனலாம்.

செலவுக் கணக்கு

ஆற்றல் தரப்பிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. 2005 ஏப்ரலில் ‘எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி’யில் ரமணா, அந்தோனெட் டி’சா, அமுல்யா ரெட்டி ஆகியோர் கைகா அணுமின் நிலையத்தையும் ராய்ச்சூர் அனல்மின் நிலையத்தையும் ஒப்பிட்டனர். எதிர்காலச் செலவையும் வரவையும் இன்றைய மதிப்பிற்குக் குறைக்க எந்த வட்டி விகிதத்தைக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே முடிவு அமைகிறது என்பதை அக்கட்டுரை விளக்கியது. அணு உலைக்கு முதலீடு மிகுதி, எரிபொருள் செலவு குறைவு. ஆகவே வட்டி உயர உயர அணுமின்சாரத்தின் விலை ஏறும். நடைமுறைக்கு ஒத்த விகிதங்களில் நிலக்கரி மின்சாரமே மலிவு என்பது அவர்கள் முடிவு. நிலக்கரிப் புகையின் பருவநிலை விளைவுக்கு அந்த ஒப்பீட்டில் இன்று தரப்படும் எடை தரப்படவில்லை என்று கூறுவோர் உண்டு. அக்கருத்தைப் புறந்தள்ள இயலாது. கதிரொளி, காற்று மின்சாரங்களின் விலை வீழ்ந்த பின் அக்கேள்வியே வேறு வடிவம் பெற்றுவிட்டது.

இலக்குகளின் வரலாறும் சிந்தனைக்குரியது. 2000ஆம் ஆண்டிற்குள் 10,000 மெகாவாட் என்று 1984இல் அணுசக்தித் துறை திட்டமிட்டது. அவ்வாண்டு வந்தபோது நிறுவப்பட்ட திறன் அதன் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. கல்பாக்கம் ஈனுலைக்கு 2003இல் ரூ. 3,492 கோடி ஒப்புதல் அளிக்கப்பட்டது. 2010இல் பணி முடியும் என்று எதிர்பார்க்கப்பட்டது. எரிபொருள் ஏற்றும் பணியின் தொடக்கத்தைப் பிரதமர் நரேந்திர மோடி நேரில் பார்வையிட்டது 2024 மார்ச் 4 அன்று. இதற்கிடையே மதிப்பீடு இருமடங்காகியிருந்தது. தடுப்பாற்றலுக்கு உதவும் என்ற பயன் இல்லாதிருந்தால் இத்தகைய தாமதத்தை ஒரு மின்திட்டம் தாங்கியிருக்குமா என்பது ரமணாவின் நூலைப் படிப்போர்க்கு இயல்பாக எழும் வினா. சுப்பிரமணியத்தின் எழுத்தில் அதற்கு நேரடி விடை இல்லை. ஓர் அலகு மின்சாரத்தின் விலை அவருடைய அளவுகோல் அன்று. தொழில்நுட்ப மறுப்பு என்னும் வேலியிலிருந்து நாடு வெளிவருவதே அளவுகோல். அவ்வகையில் 2008 செப்டம்பரில் அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு இந்தியாவிற்கு அளித்த விலக்கு அவர் வாதத்திற்குக் கிடைத்த வெற்றியே. கண்காணிப்பின் கீழ் வந்த உலைகள் இறக்குமதி யுரேனியத்தால் மீண்டும் முழுத் திறனை நோக்கி நகர்ந்தன.

கூடங்குளமும் கல்பாக்கமும்

இவ்விவாதத்தின் ஒரு கூறு தமிழ்நாட்டு அறிவுலகில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. மாநிலத்தின் இரு அணு நிலையங்களும் சட்ட நிலையில் வேறுபட்டவை. 1988ஆம் ஆண்டுச் சோவியத் உடன்பாட்டில் பிறந்த கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலைகள் பன்னாட்டு முகமையின் கண்காணிப்பிற்கு உட்பட்டவை; அவற்றின் எரிபொருள் உருசியாவிலிருந்து வருகிறது. கல்பாக்கத்தின் கனநீர் உலைகளும் ஈனுலைகளும் அவ்வாறு உட்பட்டவை அல்ல. 2011 - 12இல் கூடங்குளம் போராட்டம் நடந்தபோது தமிழில் எழுதப்பட்ட கட்டுரைகள் மீனவர் வாழ்வு, கதிரியக்கம், புகுஷிமா ஆகியவற்றைப் பற்றி நிறையவே பேசின. அவை பேச வேண்டியவையே. ஆயின் ஆயுதத் திட்டத்தோடு பிணைப்புடையது எது, பிணைப்பற்றது எது என்ற வேறுபாடு அவற்றில் அரிதாகவே தலைகாட்டியது. அணு உலை என்னும் ஒற்றைச் சொல் இரு வேறு பொருள்களை மூடிக்கொண்டது.

கலைச்சொற்களின் நிலையும் இதற்குத் துணைபோகிறது. ஆங்கிலத்தில் இருவேறு சொற்களால் குறிக்கப்படும் விபத்துத் தவிர்ப்பும் ஆயுதப் பரவல் கண்காணிப்பும் தமிழ் நாளிதழ்களில் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. நாட்டின் இராணுவப் பாதுகாப்பிற்கும் அச்சொல்லே. மூன்றும் ஒன்றோடொன்று மோதும் ஒரு பொருளை இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு விவாதிப்பது எளிதன்று. விபத்துத் தவிர்ப்பைக் ‘காப்பு’ என்றும், பன்னாட்டு முகமையின் ஆய்வைக் ‘கண்காணிப்பு’ என்றும், இராணுவப் பொருளில் மட்டும் ‘பாதுகாப்பு’ என்றும் பிரித்து ஆளலாம். இக்கட்டுரையில் பின்னிரண்டு சொற்களும் அவ்வாறே ஆளப்பட்டுள்ளன.

சுப்பிரமணியம் 2011 பிப்ரவரி 2 அன்று தில்லியில் காலமானார். அடுத்த மாதம் 11ஆம் நாள் புகுஷிமா விபத்து நிகழ்ந்தது. 2025 பிப்ரவரி மாத ஒன்றிய நிதிநிலை அறிக்கை, 2047ஆம் ஆண்டிற்குள் 1,00,000 மெகாவாட் அணுமின் திறனை இலக்காக அறிவித்தது. சிறு அணு உலைகளின் ஆய்விற்கென ரூ. 20,000 கோடித் திட்டம் ஒன்றும் அதில் இடம்பெற்றது. இப்புதிய உலைகளுள் எவை கண்காணிப்பின் கீழ் அமையும், எவற்றுக்கு உள்நாட்டு யுரேனியம் செல்லும் என்னும் கேள்விகள் 2005 டிசம்பரில் அவர் எழுதிய அந்தப் பத்தியின் கேள்விகளே.